வானத்திலிருந்து விழுந்த கல்லோ?



விடுமுறை நாளில் உங்கள் பிள்ளை ஏரிக்கரையிலிருந்து ஒரு கரிய கல்லைக் கொண்டுவந்து, "அப்பா, இது வானத்திலிருந்து விழுந்ததா?" என்று கேட்கக்கூடும். அதன் பாரமும் எரிந்ததுபோன்ற நிறமும் பெரியவர்களையும் மயக்கிவிடும். அவசரப்பட்டு "ஆம்" என்று சொல்லிவிடாதிருங்கள்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்று வேலூர் மாவட்டத்திலிருந்த நாட்றம்பள்ளி அருகே, பொறியியல் கல்லூரி ஒன்றில் பெருஞ்சத்தம் கேட்டது. தரையில் பள்ளம் உண்டாயிற்று. பேருந்து ஓட்டுநர் ஒருவர் மரித்தார். வேறு சிலர் காயமடைந்தனர். அடுத்த நாளே, விண்கல் விழுந்தது என்று தமிழக அரசு அறிவித்தது. நம் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் நேரில் சென்று ஆராய்ந்தனர். நாசா விஞ்ஞானிகளோ, வெளியான படங்களைக் கண்டு, இது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப்போலத் தோன்றுகிறது என்றனர். அதற்குள் "விண்கல்லால் இறந்த மனிதர்" என்ற செய்தி உலகமெங்கும் பரவிவிட்டது.

இதிலென்ன வித்தியாசம் என்கிறீர்களா? காரணம் வானமானால் ஒருவரும் பொறுப்பாளியல்ல. காரணம் தரையிலிருந்தால், இன்னோர் உயிர் போகாதபடி காக்கும் கடமை உண்டு. ஆகவே கல்லுக்குப் பெயரிடுமுன் அதைச் சோதித்தறிவது அவசியம்.

உங்கள் வீட்டுக் கல்லையும் அவ்வாறே சோதியுங்கள். விண்கற்களில் பெரும்பாலானவை காந்தத்தை ஈர்க்கும். புதிதாய் விழுந்தவற்றின்மேல் மெல்லிய கரிய ஓடு காணப்படும். ஆனால் காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. உள்ளே குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் உலோகம் உருக்கியபோது கழிந்த கசடே. பளபளப்பில்லாத ஓட்டின் பின்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ அழுத்தமான கோடு விழுந்தால் அது நம் பூமியின் இரும்புத்தாதுவாக இருக்கலாம்.

ஒருமுறை பிள்ளைகளை லால்பாக் பாறைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளிறிய, கறுத்த வரிகள் மாறிமாறி ஓடும் அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையானது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகிய அதுவே இவ்வூரின் சொந்தக் கல். அதற்கு ஒவ்வாத கல் வேறெங்கிருந்தோ வந்தது. வானத்திலிருந்து அல்ல, பெரும்பாலும் லாரியில்!

இத்தனைக்குப் பின்னும் சந்தேகம் தீரவில்லையானால், குமாரசாமி லேஅவுட்டிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நாட்டில் கிடைக்கும் விண்கற்களைப் பாதுகாப்பது அத்துறையே.

"எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று பிள்ளையிடம் சொல்வதற்கு வெட்கப்படாதேயுங்கள். உண்மையைத் தேடும் பழக்கத்தை அவன் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்வான்.