எண்ணுவது எதற்காக?

நாம்பள்ளி ரயில் நிலைய வாசலிலும், செகந்திராபாத் நடைபாதைகளிலும், மேம்பாலங்களின் அடியிலும் இரவுதோறும் மனிதர்கள் படுத்துறங்குகிறார்கள். இந்த நகரத்தைக் கட்டியெழுப்ப வந்த உழைப்பாளிகளும் அவர்களில் உண்டு. மேஸ்திரி கைவிட்டால், கூலி பாக்கி நின்றால், அந்த இடம் நமக்கும் தொலைவில் இல்லை.

இவர்கள் எத்தனை பேர்? மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அரசு ஒரே ஓர் இரவுதான் இவர்களைத் தேடி வருகிறது. 2011 பிப்ரவரி 28 இரவு எண்ணியபோது நாடெங்கும் வீடற்றோர் 17.73 லட்சம். 2001-ல் இது 19.43 லட்சம். மொத்தம் குறைந்தது, நகரங்களிலோ 7.78 லட்சம் 9.38 லட்சமாக ஏறியது! அன்றிரவு வேலைக்குப் போனவனும், லத்திக்கு அஞ்சி ஒதுங்கியவனும், மொழி புரியாமல் நழுவியவனும் இக்கணக்கில் எப்படி வந்திருப்பார்கள்?

2027 கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியே நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். கருவியைச் சரியாகப் பயன்படுத்தினால், விடுபட்ட தெருவைக் கண்டறிந்து மீண்டும் போகலாம். எந்தப் பகுதிக்கு விடுதி தேவை என்றும் அறியலாம். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு விடுதி, அதுவும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஆணையிட்டதே!

ஆனால் 2017 நவம்பரை நாம் மறக்கவில்லை. ஐதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு. அமெரிக்க அதிபரின் மகள் வருகை. அதற்காகப் பிச்சையெடுப்போர் வீதிகளிலிருந்து அகற்றப்பட்டு, சிறை வளாக இல்லங்களில் வைக்கப்பட்டார்கள். வெளியே விடுமுன் கைரேகை எடுத்தார்கள். அதுவும் ஒரு கணக்கெடுப்புதான்! படுக்கும் இடங்களின் வரைபடம் காவல்துறை கைக்குப் போனால், அடுத்த பிரமுகர் வரும்போது என்ன நடக்கும்?

1948-ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் தொகைக் கணக்கில் தனிநபர் விவரங்களை இரகசியமாகக் காக்கிறது. மாநகராட்சிகள் தனியே எடுக்கும் கணக்குகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அவற்றுக்கும் வேண்டும். ஒரே இரவில் முடிக்காமல் பல இரவுகள் எண்ண வேண்டும். ஆதார் இல்லையென்று எவரையும் விட்டுவிடக் கூடாது. தொழிலாளர் மொழி தெரிந்தவர்களை உடன் அனுப்ப வேண்டும்.

தோழர்களே! எண்ண வருபவரைக் கண்டு ஓடாதீர்கள். நம் இளைஞர்கள் உடன் செல்லட்டும். கணக்குக்குப் பின்னால் கூரை வர வேண்டும். லத்தி வரக் கூடாது.