இருந்தும் பேசாத குரோமோசோம்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

“படிப்பு ரத்தத்தில் வரவேண்டும்” என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதையே இப்போது சற்று நாகரிகமாக, “எல்லாம் ஜீனில் இருக்கிறது” என்கிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என்னைப் போன்றவர்கள் இதை விஞ்ஞானம் என்று நம்பித் தலைகுனிய வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வெள்ளைவெளேரென்று ஒட்டிக்கிடக்கும் மாவுப்பூச்சியே போதும்.

மனிதச் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அவை அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டு, மேலும் மேலும் மடிந்தே அந்த இழைகள் உள்ளே அடங்குகின்றன. ஆனால் இந்த மடிப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. தளர்ந்த பகுதிகளில் உள்ள ஜீன்கள் வேலை செய்கின்றன. இறுகிய பகுதிகள் பெரும்பாலும் உட்கருவின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன; அங்குள்ள ஜீன்களில் பல வாய்திறப்பதில்லை. இந்த இறுகிய பகுதிக்கு 1928இல் எமில் ஹைட்ஸ் என்பவர் ‘ஹெட்டரோகுரோமாட்டின்’ என்று பெயரிட்டார்.

நம் ஊர் விசைத்தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உருளையில் எவ்வளவு நூல் சுற்றியிருந்தாலும், பிரிந்து தறிக்கு வரும் நூல்தானே துணியாகிறது!

இனி மாவுப்பூச்சிக்கு வருவோம். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியது. விவசாயிக்கு இந்தக் கூட்டம் பகைதான். மரபியல் மாணவனுக்கோ இது ஓர் ஆசிரியர் என்றால் மிகையாகாது.

எலுமிச்சை வகைகளைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு 10 குரோமோசோம்கள். தாயிடமிருந்து ஐந்து, தந்தையிடமிருந்து ஐந்து. மகளின் உடலில் பத்தும் வேலை செய்கின்றன. மகனாகப் போகும் கருவிலோ, தந்தை தந்த ஐந்தும் தொடக்கத்திலேயே இறுகித் திரண்டு, உட்கருவில் ஒரு கரும்புள்ளிபோல ஒதுங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் ஸ்பென்சர் பிரவுனும் வால்ட்டர் நெல்சன்-ரீஸும் தந்தைப் பூச்சிகளின்மீது கடுமையான எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 1961இல் முடிவை வெளியிட்டார்கள். மகள்கள் மாண்டன, மகன்கள் பிழைத்தன! சிதைந்த குரோமோசோம்கள் மகன்களின் உடலில் ஏற்கெனவே மௌனமாகிவிட்டதால் அவற்றுக்குப் பெருங்கேடு நேரவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. ஆண்பூச்சியின் சில திசுக்களில் அந்தத் திரள் மீண்டும் தளர்ந்துவிடுகிறது. ஆக, ஜீன் இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. இறுகியது எப்போதும் இறுகியே கிடக்கும் என்பதும் இல்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டின் பங்கும் பெரிது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் எச். சரத் சந்திரா, ஸ்பென்சர் பிரவுனுடன் சேர்ந்து, மாவுப்பூச்சி தந்த கருத்தைப் பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமுக்குப் பொருத்தி 1975இல் எழுதினார். 1996இல் அவருடைய குழுவினர், ஆண் மாவுப்பூச்சியின் குரோமாட்டினில் ஒரு பகுதி, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிக்குக்கூட எளிதில் இடங்கொடாமல் இறுகியிருப்பதைக் காட்டினார்கள்.

மாவுப்பூச்சியைக் காட்டி மனிதனின் அறிவை அளக்க முடியாது; அப்படி அளப்பது என் நோக்கமும் அன்று. ‘பெற்றோரிடமிருந்து வந்ததெல்லாம் அப்படியே பேசும்’ என்ற எண்ணத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்பதையே சொல்கிறேன். ஒரு செடிப்பூச்சியிடமே செல்லாத வாதத்தை மனிதர்மேல் சுமத்துவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. மெண்டலின் பட்டாணியையும் வெங்காய வேர்நுனியையும் படிக்கிறோம். அவற்றோடு மாவுப்பூச்சியும் செய்முறை வகுப்புக்கு வரவேண்டும். முட்டைப் பையிலுள்ள கருக்களை எடுத்து, அசிட்டோகார்மைன் சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியின் உயர்திறன் வில்லையில் பார்த்தால் போதும். ஆண் கருவின் செல்களில் கரும்புள்ளி இருக்கும். பெண் கருவின் செல்களில் இராது. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். பூச்சியோ நம் தோட்டங்களிலேயே கிடைக்கிறது.

நண்பர்களே, அந்தப் புள்ளியை ஒருமுறை கண்ணால் கண்டவர் பரம்பரைப் பெருமை பேசுவோரிடம், “இருப்பதைச் சொன்னீர்கள், இயங்குவதைச் சொல்லுங்கள்” என்று துணிந்து கேட்பார். அந்தத் துணிவைத் தருவதற்குத்தானே கல்லூரி!