நரம்பை அறுத்தவர் யார்?

புத்தாண்டு வாழ்த்தாக நண்பரொருவர் நமக்கு ஒரு பட அட்டை அனுப்பியிருந்தார். உலக உருண்டையின் உச்சியிலே ஒருத்தி. அவள் கண்களைத் துணி மூடியிருக்கிறது. கையிலே யாழ், நரம்புகளெல்லாம் அறுந்து, எஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை நரம்பின் ஓசைக்காகத் தலையைச் சாய்த்துக் கிடக்கிறாள். படத்தின் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? 'நம்பிக்கை'!

1886 இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் தீட்டிய ஓவியம் இது. பண்புகளைப் பெண்ணுருவாக்கிக் காட்டுவது விக்டோரியா காலத்து வழக்கம். பெயரை அறியாமல் பார்ப்பவர் இதை 'விரக்தி' என்றே எண்ணுவார் என்ற கருத்தை, 1904 இல் வாட்ஸைப் பற்றி நூலெழுதிய செஸ்டர்டன் அன்றே சொல்லிவிட்டார். ஆயினும் அட்டையாகி அட்டையாகி அது உலகைச் சுற்றிற்று. விக்கிரமசிங்கபுரத்துக்கும் வந்து சேர்ந்தது.

வகுப்பறைச் சுவரில் அதை ஒட்டினோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், மத்த கம்பியெல்லாம் யாரு அறுத்துப்போட்டா?"

மூன்றாண்டு கல்லூரியில் கலை பயின்ற நமக்குத் தோன்றாத கேள்வி!

ஆம், அறுத்தவர் யார்? கண்ணைக் கட்டியவர் யார்? அதைக் கேளாதிருக்கவே அட்டை அழகாக அச்சாகிறது. கூலி போதவில்லையா? நம்பு. வேலை கிட்டவில்லையா? நம்பு. ஒரு நரம்பு மிச்சமிருக்கிறதே, மகிழ்ந்திரு. கண்ணை மட்டும் திறந்துவிடாதே! தன்னம்பிக்கைக்கும் மூடநம்பிக்கைக்கும் தமிழிலே அடிச்சொல் ஒன்றுதான். இடையிலே கிடப்பது அந்தக் கண்கட்டுத் துணி.

வாட்ஸைப் பழிப்பது நம் நோக்கமன்று. அயர்லாந்தின் பஞ்சத்தையும் தீட்டிய கை அது. சிறுமியின் கேள்விக்கு விடையைக்கூட அவர் 1885 இலேயே தீட்டிவிட்டார்! படத்தின் பெயர் 'மம்மோன்', அதாவது செல்வத் தெய்வம். பொன்முடி சூடிய பெருத்த உருவம்; மடியிலே பணப்பைகள்; காலடியில் நசுங்கும் இளைஞன்; கைக்கடியில் துவளும் பெண். இரண்டு ஓவியங்களும் லண்டன் டேட் சேகரிப்பில்தான் உள்ளன. மம்மோனை வாழ்த்து அட்டையாக நமக்கு இதுவரை எவரும் அனுப்பியதில்லை. ஏன் அனுப்பப் போகிறார்கள்?

அறுதல் என்றால் என்னவென்று இவ்வூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே 1885 இல் ஹார்வி சகோதரர் தாமிரபரணி நீரின் விசைகொண்டு பாபநாசத்தில் நூற்பாலை நிறுவினர். அன்றுதொட்டு தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் கதிர்களுக்கு முன்னே நின்றார்கள். இழை அறுந்தால், எஞ்சிய இழையின் இனிமையில் மயங்கித் தலைசாய்த்தா இருந்தார்கள்? அறுந்த முனையைத் தேடிப் பிடித்துப் பிணைத்தார்கள். ஓயாமல் அறுந்தால் பஞ்சு குட்டையா, காற்றில் ஈரம் குறைந்ததா எனக் காரணம் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலையா அது?

யாழின் கதையும் அப்படித்தான். தமிழனின் யாழிலே ஒரு நரம்புகூட மிஞ்சவில்லை, கருவியே வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் (காவி உடுத்தவர், கொள்கையில் நமக்கும் அவருக்கும் வெகுதூரம், எனினும் உண்மையை மறைப்பானேன்?) சிலப்பதிகார அரங்கேற்று காதையை அலசி, நரம்புக்கு நரம்பு கணக்கிட்டு எழுதிய 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. அறிவியலும் கணிதமும் கற்றவர் அவர். தொலைந்த இசையை மீட்கத் துணிந்தவர் அளவுகோலைக் கையிலெடுத்தார்!

நண்பருக்கு நன்றி எழுதியாயிற்று. அட்டையை நாம் கிழிக்கவில்லை. அதன் பக்கத்திலே மம்மோனின் படத்தையும் ஒட்டினோம். இரண்டுக்கும் நடுவே, சிறுமியின் கேள்வியை அவள் கையாலேயே எழுதவைத்தோம்.