நர்சு படிப்பு: ஆள் வார்டில், மனசு எங்கே?

தூத்துக்குடி.

முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன ஊர். மீனவர், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இப்போது பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறார்கள்.

படிப்பு லேசு அல்ல. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பாடத்திட்டத்தை மாற்றியது. 4 ஆண்டு, 8 செமஸ்டர். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். வார்டு பயிற்சிக்கு 100 சதவீதம்! ஒரு நாள் விட்டாலும் பட்டம் வாங்குமுன் சரிக்கட்டியாக வேண்டும்.

வருகைப் பதிவேடு நிரம்பிவிடும். பாடம் மண்டையில் ஏறியதா?

நோயாளி "நெஞ்சைக் கரிக்குதும்மா" என்கிறார். மாணவி அதை இங்கிலீசில் எழுதவேண்டும். தமிழில் படித்து வந்தவர் இங்கேதான் திணறுகிறார். பேசாமல் ஒதுங்குகிறார். அதைப் பார்த்து "அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு, பழைய கேள்வித்தாள்தான் துணை. ஆறு மாதத்துக்கு ஒரு மனப்பாடம்.

மனப்பாடம் எல்லாவற்றுக்கும் உதவாது. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏறவேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் டியூப் என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு. கணக்கு தப்பினால் கஷ்டம் நோயாளிக்கு.

சீனியர் நர்சு கட்டில் பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக் காட்டினால் 5 நிமிட வேலை. வார்டு நிரம்பி வழியும் நேரத்தில் அவருக்கு அந்த 5 நிமிடம் ஏது? "அந்தப் படுக்கையை விரி, இந்த பி.பி.யைப் பார்" என்று மாணவியை ஓட விடத்தான் நேரம் இருக்கிறது.