மழை மீனை விட்ருங்க மக்களே!

ஜூன்ல மொத மழை விழுந்தா போதும், "டென்ட், தூண்டிலோட பரம்பிக்குளம் அணைக்குப் போய் ராத்தங்கலாமா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுடறாங்க. பொள்ளாச்சிக்காரனா சொல்றேனுங்க, தாராளமா தங்குங்க, ஆனா வனத்துறை குடுக்கற எடத்துல. அது புலிகள் காப்பகம். நெனச்ச கரையில கூடாரம் போட முடியாது.

தூண்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டத்தை விடுங்க, கெண்டை இனமெல்லாம் புதுவெள்ளத்துல எதிரேறி முட்டையிடப் போற நேரமுங்க அது. சினை மீனைப் பிடிச்சு போட்டோ எடுக்கறதுல என்ன வீரம்? ஒண்ணைப் பிடிச்சா ஆயிரக்கணக்குல குஞ்சு போச்சு.

நாக்கு கேக்குதா? திரும்பறப்ப ஆழியார் பக்கம் வண்டியை விடுங்க. அணைக்கிட்ட சுடச்சுட வறுத்துத் தருவாங்க. ஜிலேபிக் கெண்டை இருந்தா அதையே கேளுங்க. பூர்வீகம் ஆப்பிரிக்கா, 1952-ல இந்தியாவுக்கு வந்து நம்ம ஊர் மீனையெல்லாம் ஓரங்கட்டின ஆளு. அதை எத்தனை தின்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லீங்க :)