கரிவரதனை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இருங்காட்டுக்கோட்டை என்றால் இன்று எல்லோருக்கும் ஹூண்டாய்தான் ஞாபகம் வரும். அந்தத் தொழிற்சாலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது 1998-இல். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1990-இல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயத் தடம் போட்டுவிட்டது. ஆக, அந்த ஊருக்கு முதலில் வந்தது கார் பந்தயம், கம்பெனி பிறகுதான்.

அந்தத் தடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் கோயம்புத்தூர் கரிவரதன். சோழவரத்தில், யுத்தகால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஓட்டி ஜெயித்ததைவிட அவர் செய்து கொடுத்ததுதான் பெரிது என்பது என் கட்சி.

அந்நாளில் பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் ஆடிய ஆட்டம் அது. கரிவரதனும் ஆலைக் குடும்பம்தான், வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. என்ஜினுக்கு உதிரி பாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் பணப்பைக்கு அங்கே வேலை குறைவு. ஓட்டுகிறவன் கைதான் பேசும்.

நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் காரில், நம் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, மிச்சமிருந்த ஆறில் நாலாவதாக வந்து 5 புள்ளி பெற்றார். "ஆறு பேரில் நாலாவதா?" என்று இளப்பமாகக் கேட்பவர்கள் உண்டு. ஓடி முடித்தவனுக்குத்தானே புள்ளி! இங்கிலாந்தின் ஸ்டிர்லிங் மாஸ் 1955 முதல் 1958 வரை நான்கு வருஷமும் இரண்டாவதாகவே வந்தார், உலக சாம்பியன் ஆனதே இல்லை. அவர் நாட்டார் அவரைக் கடைசிவரை தலையில் வைத்துத்தான் கொண்டாடினார்கள்.

கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். வயது நாற்பத்தொன்று. கோவைக்காரர்கள் செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளோ ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, ஷிஃப்ட் முழுக்க ஒரே நட்டை முறுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதில் சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தம்தான் அவர்களுக்குப் பந்தயம். வருஷத்தில் ஒரு நாள் அவர்களை உள்ளே அழைத்து, பழைய ஃபார்முலா மாருதி ஒன்றைக் கழற்றிக் காட்டினால் என்ன? டிக்கெட் வேண்டாம், மேடைப் பேச்சும் வேண்டாம். ஒரு மெக்கானிக்கும் ஒரு ஸ்பானர் பெட்டியும் போதும்.