ஒரு ரிங் போதும்

இந்த வாரம் கைபேசியைத் திறந்தபோதெல்லாம் ஒரு கைப்பட்டை விளம்பரம். பிரிந்திருக்கும் ஜோடிகளுக்கானது. இங்கே இவள் தன் பட்டையைத் தொட்டால், எங்கோ இருக்கும் அவன் மணிக்கட்டில் அதிரும். படத்தில் இருவருக்கும் ஆளுக்கொரு தனி அறை, வெள்ளை மெத்தை, பெரிய ஜன்னல். எனக்கு எரிச்சல் வந்தது பட்டையைப் பார்த்து அல்ல, அந்த அறையைப் பார்த்து.

பட்டைக்கு முன்னோடியான ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 2005 வாக்கில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கே என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பிரிந்து வாழும் காதலர்களுக்காகச் செய்தது. கணினித் திரையின் அடியில் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். நீங்கள் அதைச் சொடுக்கினால் உங்கள் துணையின் திரையில் வட்டம் பளிச்சென்று சிவக்கும். பிறகு மெல்ல வெளுத்து, 12 மணி நேரத்தில் நிறம் போய்விடும். எழுத்து இல்லை, குரல் இல்லை, முகம் இல்லை. வேலை முடித்து வந்து பார்க்கிறவருக்கு வட்டம் வெளிறித் தெரிந்தால், காலையில் எப்போதோ நம்மை நினைத்திருக்கிறார் என்று புரியும். செய்தியைப் பார்த்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும் வாட்ஸ்ஆப்பின் நீல டிக் மீது எனக்குக் கோபம் உண்டு. ‘பார்த்தாயே, ஏன் பதில் இல்லை’ என்று இந்த வட்டம் யாரையும் கூண்டில் ஏற்றாது.

அதே காலத்தில் கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் இதைவிட மலிவான ஒன்றை வைத்திருந்தார்கள். மிஸ்டு கால்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே ஆறு மணிக்கு டூட்டி முடிந்தால் இங்கே ஏழரை. அக்கா சொளகை மடியில் வைத்துத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். டவர் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் டார்ச் வைத்த நோக்கியா. ஒரு ரிங் அடித்து நின்றால் அவர் ரூமுக்கு வந்துவிட்டார். இரண்டாவது ரிங்கும் அடித்தால் ஏதோ பேச வேண்டியிருக்கிறது. பையன் போனை நோக்கி ஓடினால், “ஏல, எடுத்துராத! காசு போயிரும்” என்று அக்கா சத்தம் போடுவார். பிறகு இலைத்தூசியை முந்தானையில் துடைத்துவிட்டு அவரும் ஒரு ரிங் கொடுத்துத் துண்டிப்பார். சாப்பிட்டாயா என்ற கேள்வியும் சாப்பிட்டேன் என்ற பதிலும் அதற்குள் அடக்கம்.

ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஜொனாதன் டோனர் என்ற ஆய்வாளர் அங்கே இதை ஆராய்ந்து 2007இல் எழுதிய கட்டுரையில் மூன்று வகை சொல்கிறார்: திரும்பக் கூப்பிடு என்பது, முன்பே பேசிவைத்த சேதி, வெறுமனே உன் நினைவு என்பது. மூன்றும் அந்தத் திண்ணையில் இருந்தன. இதைச் செய்துகொடுத்த பொறியாளர் என்று யாரும் இல்லை. தொலைபேசி நிறுவனங்களுக்கு இதில் பைசா வராது. காசில்லாதவர்கள் தங்களுக்குள் பேசி உருவாக்கிக்கொண்ட மொழி அது.

இப்போது எல்லார் கையிலும் காணொளி அழைப்பு. அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் எழுதலாம், பேச முடியாது என்பதால் நம்மவர்கள் போட்டிம் என்ற அழைப்புச் செயலியைப் பிடித்துக்கொண்டார்கள். முகம் தெரிவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பிறந்த பிள்ளையை முதல் விடுமுறையில்தான் பார்த்த அப்பாக்கள் நிறைந்த ஊர்கள் அவை. ஆனால் அங்கே தொழிலாளர் கேம்ப் அறையில் அடுக்குக் கட்டில்கள். மேல்கட்டிலில் ஒருவர் தூங்குகிறார், எதிரே ஒருவர் துணி மடிக்கிறார். இங்கே கூடத்தில் மாமியார், நாத்தனார், டிவி. அத்தனை பேர் காதில் விழ ஒரு கணவனும் மனைவியும் என்னதான் பேசுவார்கள்? பள்ளிக்கூட ஃபீஸ், கரண்ட் பில், மாமாவின் சர்க்கரை அளவு. அந்த ஒரு ரிங்கையும் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள்தான். ஆனால் அதில் என்ன சொல்லப்பட்டது என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

காதலுக்குக் கருவி செய்கிறவர்கள் தனியறை உள்ளவர்களை மட்டும் மனத்தில் வைத்துச் செய்கிறார்கள் என்பதே என் மனக்குறை. பிரிவு அதிகம் இருப்பது கேம்ப் அறைகளில். அவர்களுக்கு வேண்டியது எளிது: ஏற்கெனவே கையில் உள்ள போனிலேயே ஒரு புள்ளி. தொட்டால் அந்தப் பக்கம் சிவக்க வேண்டும், சத்தம் கூடாது, பார்த்தாரா என்று காட்டக் கூடாது, மாதச் சந்தா கூடாது. மென்பொருள் படிக்கும் வாசகர்கள் நிறையப் பேர் எனக்கு எழுதுகிறீர்கள். கல்லூரி ப்ராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளைகுடாவில் ஆள் உள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.